விட்டுவிட்டு வரும் இணைப்புப் பிழை: உள்ளகச் சேவையகத்தில் தரவுத்தளக் கோளாற்றை ஆராயும் முறை

மாவட்டத் தலைநகர் ஒன்றில் மண் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். களப் பணியாளர்கள் வயல்களிலிருந்து கொண்டுவரும் மண் மாதிரிகள் அங்கே ஆய்வு செய்யப்பெற்று, முடிவுகள் கணினியில் பதியப்பெறுகின்றன. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் இராஜஸ்தானத்துச் சூரத்கட் நகரில் தொடங்கிவைக்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதிரிக்கும் 12 அளவைகள் கணிக்கப்பெறுகின்றன. கார அமிலநிலை, மின்கடத்துதிறன், அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் என்பன அவை. இவை யாவும் அறையின் மூலையிலுள்ள ஒரு கணினியில், தரவுத்தளம் எனப்படும் முறைப்படுத்திய பதிவேட்டில் சென்று சேருகின்றன. அக்கணினியே 'லோக்கல் சர்வர்' என வழக்கில் சொல்லப்படும் உள்ளகச் சேவையகம்.

ஒரு நாள் நண்பகலுக்குச் சற்று முன்னர், 'தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை' என்னும் செய்தி ஒரு பணியாளரின் திரையில் தோன்றுகின்றது. அடுத்த மேசையில் இருப்பவருக்கோ யாதொரு தடையும் இல்லை. யாரோ ஒருவர் சேவையகத்தை அணைத்து மீண்டும் இயக்குகின்றார். வேலை முன்போல் நடைபெறுகின்றது. மறுநாளும் அதே பிழை தோன்றி, அதே முறையால் தீர்க்கப்பெறுகின்றது. ஒருவர் வெப்பத்தைக் காரணம் கூறுவார். மற்றொருவர் மின்சாரத்தைக் கூறுவார். வேறொருவர் பதிவு செய்யும் பணியாளரின் கவனக்குறைவு என்பார்.

இஃது ஒரு சிறு தொல்லை என்று எண்ணி விட்டுவிடுதல் தகாது. பிழை தோன்றிய கணத்தில் பதியப்பெற்ற மாதிரி பதிவேட்டில் சேர்ந்ததா, சேரவில்லையா என்பது பணியாளருக்குத் தெரிவதில்லை. சேரவில்லை என்று எண்ணி அவர் மறுபடியும் பதிந்தால், ஒரே மாதிரி இரு முறை இடம்பெறக்கூடும். சேர்ந்தது என்று எண்ணி விட்டுவிட்டால், ஓர் உழவரின் வயல் கணக்கிலேயே வராது போகக்கூடும். பள்ளியில் தேர்வு மதிப்பெண்களுக்கும், மருந்தகத்தில் இருப்புக் கணக்குக்கும் இதே நிலை நேரலாம். ஆதலின், இவ்வகைப் பிழையை முறையாக ஆராயும் வழியை அறிந்துகொள்வது களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே இன்றியமையாதது.

முறைக்காய்ச்சல் கற்பிக்கும் பாடம்

விட்டுவிட்டு வரும் கோளாறு நம் நாட்டிற்குப் புதியதன்று. மலேரியாவை நம் முன்னோர் 'முறைக்காய்ச்சல்' என்று அழைத்தனர். அதன் ஒரு வகையில் காய்ச்சல் 48 மணிக்கு ஒரு முறையும், மற்றொரு வகையில் 72 மணிக்கு ஒரு முறையும் வருகின்றது. இடையில் நோயாளி நலமுற்றவர் போலவே காணப்படுவார். காய்ச்சல் வந்த நாளையும் மணியையும் குறித்து வைத்த மருத்துவருக்கு மட்டுமே அதன் ஒழுங்கு புலப்பட்டது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். அவ்வாராய்ச்சியும் இத்தகைய இடைவிடாத குறிப்பெடுப்பின் பயனேயாகும்.

இதினின்று இரண்டு உண்மைகளை நாம் பெறலாம். முதலாவது, ஒழுங்கின்றி வருவதாகத் தோன்றும் கோளாற்றுக்கும் ஒரு விதி உண்டு. அவ்விதி நேரக் குறிப்பின் வாயிலாகவே வெளிப்படும். இரண்டாவது, மருந்து கொடுப்பதற்கு முன்னரே இரத்தத் துளியை எடுத்துச் சோதிக்க வேண்டும். மருந்து கொடுத்த பின்னர்க் கிருமியைக் காண்பது அரிதாகிவிடும். சேவையகத்தை அணைத்து மீண்டும் இயக்குதல் அத்தகைய மருந்தே. அது காய்ச்சலைத் தணிக்கும். அதனுடன் சான்றையும் அழித்துவிடும். ஆகவே முதலில் சான்றைப் பதிவு செய்க. பின்னரே மறு இயக்கம் செய்க. இப்பாடத்தின் சாரம் இதுவே.

இணைப்பு நிகழும் விதம்

ஒரு பணியாளரின் கணினி தரவுத்தளத்துடன் தொடர்புகொள்வது, ஒருவர் அலுவலகம் ஒன்றுக்குச் சென்று வருவதைப் போன்றது. அவர் முதலில் முகவரியை அறிய வேண்டும். பின்பு வழியைக் கடந்து செல்ல வேண்டும். உரிய வாயிலைத் தட்ட வேண்டும். உள்ளே காலி இருக்கை இருத்தல் வேண்டும். தாம் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதன் பின்னரே தம் காரியத்தைச் சொல்லி விடை பெறலாம்.

கணினியிலும் இப்படிகளே அமைந்துள்ளன. சேவையகத்தின் பெயர் முதலில் ஐ.பி. முகவரியாக மாற்றப்படுகின்றது. அடுத்து, கேள்வி கம்பிவடம், ஸ்விட்ச்சு ஆகியவற்றின் வழியே செல்கின்றது. மூன்றாவதாக, 'போர்ட்' எனப்படும் வாயிலை அடைகின்றது, மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகிய தரவுத்தள மென்பொருள்களின் வழக்கமான வாயில் எண் 3306, போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல்லுக்கு 5432. நான்காவதாக, மென்பொருள் தன்னிடம் இடம் உள்ளதா எனப் பார்க்கின்றது. ஐந்தாவதாகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகின்றன. இறுதியில் கேள்வியும் விடையும் பரிமாறப்படுகின்றன.

இருக்கைகளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். மைஎஸ்கியூஎல்லிலும் மரியாடிபியிலும், நாம் மாற்றாதவரை, அவ்வெல்லை 151. நிர்வாகிக்கென மேலும் ஓர் இருக்கை தனியே வைக்கப்பட்டுள்ளது. போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல்லில் எல்லை 100. அவற்றுள் 3 நிர்வாகிக்கு உரியவை. இடம் நிறைந்த வேளையிலும் நிர்வாகி உள்ளே நுழைந்து நிலைமையைக் காண்பதற்காகவே இவ்வேற்பாடு செய்யப்பட்டுள்ளது. அன்றாடப் பதிவு மென்பொருளுக்கு நிர்வாகியின் கணக்கைக் கொடுத்துவிட்டால், அந்த ஓர் இருக்கையும் பறிபோகும். பிழை நேரும்போது மருத்துவரே நோயாளியை அணுக இயலாத நிலை உண்டாகும்.

பிழைச்செய்தியின் பொருள்

'இணைப்பு வரவில்லை' என்னும் ஒரே சொல்லால் பணியாளர்கள் கூறுவன உண்மையில் பல்வேறு நோய்கள். திரையில் தோன்றும் செய்தியைச் சொல்லுக்குச் சொல் படித்தால், மேற்கூறிய படிகளுள் எதில் தடை நேர்ந்தது என்பது விளங்கும்.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்பது மறுப்பு. மைஎஸ்கியூஎல்லில் இது பிழை எண் 2003 என்று தோன்றும்; உடன் வரும் துணை எண் லினக்ஸில் 111, விண்டோஸில் 10061. கேள்வி அந்த முகவரியிலுள்ள கணினியை அடைந்தது, ஆனால் வாயிலில் எவரும் இல்லை என்பது இதன் வழக்கமான பொருள். தரவுத்தள மென்பொருள் நின்றுபோயிருக்கலாம். அல்லது அம்முகவரியில் இருப்பது வேறொரு கணினியாக இருக்கலாம்.

'டைம்டு அவுட்' என்பது விடையின்மை. பிழை எண் அதே 2003. துணை எண் மட்டும் லினக்ஸில் 110, விண்டோஸில் 10060. மறுப்புச் செய்தி உடனே வரும். இதுவோ நெடுநேரம் காத்திருந்த பின்னரே வரும். கம்பிவடம், ஸ்விட்ச்சு, ஃபயர்வால் எனப்படும் தீயரண், உறங்கிப்போன சேவையகம் ஆகியவற்றுள் ஒன்றை இது சுட்டுகின்றது. மறுப்புக்கும் விடையின்மைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறிந்தவர் பாதி ஆராய்ச்சியை முடித்தவராவர்.

'டூ மெனி கனெக்ஷன்ஸ்', பிழை எண் 1040: இருக்கைகள் நிறைந்துவிட்டன. வழியும் வாயிலும் செவ்வனே உள்ளன என்பதற்கு இச்செய்தியே சான்று.

'ஆக்சஸ் டினைடு', பிழை எண் 1045: பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. இது பெரும்பாலும் விட்டுவிட்டு வருவதன்று. ஒரு கணினியில் மட்டும் தொடர்ந்து வருமாயின், அதன் அமைப்பில் பழைய கடவுச்சொல் தங்கியிருக்கலாம்.

'சர்வர் ஹாஸ் கான் அவே', பிழை எண் 2006: முன்னரே ஏற்பட்டிருந்த இணைப்பு, நாம் அறியாமலே அறுந்துவிட்டது. 'லாஸ்ட் கனெக்ஷன்', பிழை எண் 2013: கேள்வி சென்றுகொண்டிருக்கும்போதோ விடை வந்துகொண்டிருக்கும்போதோ இணைப்பு அறுந்தது. இவ்விரண்டாவது செய்தியே பதிவின் நிலையை ஐயத்திற்கு உள்ளாக்குவது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இடைவிட்ட பிழையின் காரணங்கள்

பிழை எப்போதும் இருந்தால், அமைப்பில் தவறு உள்ளது எனலாம். பிழை வந்து வந்து போனால், ஏதோ ஓர் அளவு கூடிக் குறைகின்றது, அல்லது ஏதோ ஒரு நிலை மாறி மாறி வருகின்றது என்று கொள்ள வேண்டும். அத்தகைய காரணங்களுள் முதன்மையானவை வருமாறு.

1. திறந்த இணைப்பை மூடாமை. ஒரு மென்பொருள் தேவைப்படும் போதெல்லாம் புதிய இணைப்பைத் திறந்து, பழையதை மூடாமல் விட்டால், இருக்கைகள் ஒவ்வொன்றாக நிறையும். எல்லையை எட்டும்வரை எவருக்கும் யாதும் தெரியாது.

2. வாளாவிருக்கும் இணைப்பு அறுதல். யாதொரு கேள்வியும் வராத இணைப்பை மைஎஸ்கியூஎல் 28,800 வினாடிகளுக்குப் பின்னர், அஃதாவது 8 மணிக்குப் பின்னர், தானே அறுத்துவிடும். மாலை 5.30க்குப் பதிவுத் திரையை மூடாமல் வீடு சென்றால், இரவு 1.30க்கு அவ்விணைப்பு அறும். மறுநாட் காலை முதல் பதிவில் 2006ஆம் பிழை தோன்றும். மென்பொருள் புதிய இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் இரண்டாம் முயற்சி வெற்றி பெறும். 'காலையில் முதல் பதிவு மட்டும் எடுப்பதில்லை' என்று பணியாளர் கூறுவதன் காரணம் பலவிடங்களில் இதுவே.

3. முகவரி மாறுதல். சேவையகம் தன் முகவரியை ரூட்டரிடமிருந்து தற்காலிகமாகப் பெறுவதாயின், மின்தடைக்குப் பின்னர் வேறு முகவரி கிடைக்கலாம். ஒரே முகவரி இரு கணினிகளுக்கு அமைந்துவிடின், கேள்வி சில வேளை இதற்கும் சில வேளை அதற்கும் செல்லும். சேவையகத்திற்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கி வைத்தல் இதற்குத் தீர்வு.

4. 'லோக்கல்ஹோஸ்ட்' என்னும் பெயர். மென்பொருளும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருக்கும்போது இப்பெயர் பயன்படுகின்றது. சில அமைப்புகளில் இது பழைய முறை முகவரியாகிய 127.0.0.1 என்பதற்கு முன்னர்ப் புதிய முறை முகவரியைக் குறிக்கும். தரவுத்தளம் பழைய முகவரியில் மட்டும் செவிமடுத்தால் மறுப்பு வரும். லினக்ஸில் மைஎஸ்கியூஎல் இப்பெயரைக் கண்டால் வலைப்பின்னல் வழியை விட்டு, 'சாக்கெட்' என்னும் கோப்பின் வழியே செல்லும். ஒரு மென்பொருள் இணைகின்றது, மற்றொன்று இணைவதில்லை என்னும் புதிர் எழுந்தால், இரண்டிலும் எழுதப்பட்டுள்ள பெயரை ஒப்பிட்டுப் பார்க்க.

5. மின்சாரமும் கம்பியும். சேவையகத்திற்கு யூ.பி.எஸ். இருக்கும், ஸ்விட்ச்சுக்கு இராது. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் சேவையகம் இயங்கிக்கொண்டே இருக்க, ஸ்விட்ச்சு அணைந்து மீண்டும் எழும். அதுவரை அனைவருக்கும் விடையின்மை. தளர்ந்த கம்பிமுனை, எலி கடித்த வடம், நாற்காலிக் காலில் நசுங்கிய வடம் ஆகியனவும் இவ்வகையின. ஒரு கணினிக்கு மட்டும் பிழை வந்தால் வடத்தை ஐயுறுக. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஸ்விட்ச்சையும் சேவையகத்தையும் ஐயுறுக.

6. சேவையகத்தின் சொந்தக் குறை. சாதாரண மேசைக் கணினியைச் சேவையகமாக வைத்திருப்பின், விசைப்பலகையை எவரும் தொடாதபோது அது உறக்க நிலைக்குச் செல்லலாம். வட்டில் இடம் தீர்ந்துபோகலாம். நினைவகம் போதாதபோது லினக்ஸ் இயங்குதளம் மிகுதியான நினைவகத்தைக் கொண்டுள்ள மென்பொருளை நிறுத்திவிடும்; பெரும்பாலும் அது தரவுத்தளமாகவே அமையும். அது தானே மீண்டும் எழுமாறு அமைக்கப்பட்டிருப்பின், சில வினாடிகள் மட்டும் மறுப்பு வந்து மறையும்.

ஆராயும் முறை

முதற்படி: குறிப்பேடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பின்வரும் பத்திகளை வரைந்துகொள்க: நாள், வினாடிவரை நேரம், எந்தக் கணினி, செய்தியின் சொற்களும் எண்ணும், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, மற்றக் கணினிகளின் நிலை, மின்சாரத்தின் நிலை. செய்தியைச் சுருக்கி எழுதலாகாது. கைப்பேசியில் திரையைப் படமெடுத்தலும் நன்று. எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் குறிப்புகளை ஒப்பிட இயலாது.

இரண்டாம் படி: மறு இயக்கத்திற்கு முன் சான்று. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, அப்போதுள்ள இணைப்புகளின் பட்டியலைக் காண்க. எத்தனை இணைப்புகள் உள்ளன, அவை எந்தக் கணினியிலிருந்து வந்தவை, அவற்றுள் எத்தனை வாளாவிருக்கின்றன, எவ்வளவு நேரமாக என்பனவற்றை அப்பட்டியல் காட்டும். நினைவகத்தின் அளவையும் வட்டில் எஞ்சிய இடத்தையும் குறித்துக்கொள்க. இவற்றிற்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

மூன்றாம் படி: சேவையகத்தின் நிகழ்வுப் பதிவேடு. 'லாக்' எனப்படும் இப்பதிவேட்டைக் குறிப்பேட்டின் நேரத்துடன் ஒப்பிடுக. அந்நேரத்தில் தரவுத்தளம் நின்று எழுந்த குறிப்பு இருப்பின், குறை சேவையகத்தில் உள்ளது. யாதொரு குறிப்பும் இல்லையெனில், கேள்வி சேவையகத்தை அடையவே இல்லை என ஐயுறலாம்.

நான்காம் படி: படிப்படியாகச் சோதித்தல். பிழை உள்ளபோதே, சேவையகத்தில் அமர்ந்து அங்கிருந்தே தரவுத்தளத்துடன் இணைந்து பார்க்க. அங்கே இணைந்து மற்றக் கணினிகளில் இணையாவிடின், தடை வழியில் உள்ளது. அங்கும் இணையாவிடின், தடை தரவுத்தளத்தில் உள்ளது.

ஐந்தாம் படி: ஒரு வேளையில் ஒரே மாற்றம். வடத்தையும் மாற்றி, முகவரியையும் மாற்றி, எல்லையையும் உயர்த்திவிட்டால், பிழை நின்றாலும் எதனால் நின்றது என்பது தெரியாது. ஒன்றை மாற்றி, பிழை முன்பு வந்துகொண்டிருந்த கால அளவைப்போல் சில மடங்கு காலம் காத்திருந்து பார்த்தலே முறை.

ஓர் எடுத்துக்காட்டு

தொடக்கத்திற் கூறிய மண் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்புவோம். அங்கே 12 கணினிகளில் பதிவு நடைபெறுகின்றது. ஒவ்வொன்றும் ஓர் இணைப்பை நாள் முழுதும் வைத்துக்கொள்கின்றது. இவையன்றி, முடிவுற்ற மாதிரிகளின் எண்களை வரவேற்பறையில் காட்டும் அறிவிப்புத் திரை ஒன்று உண்டு; அது நிமிடத்திற்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது. தரவுத்தளம் மரியாடிபி, எல்லை 151.

குறிப்பேடு வைத்த முதல் நாள், பிழை எண் 1040 என்பது தெரிந்தது. வடமும் ஸ்விட்ச்சும் குற்றமற்றவை என்பது அப்போதே முடிவாயிற்று. 12 கணினிகள் உள்ள இடத்தில் 151 இருக்கைகள் எவ்வாறு நிறையும்? நிர்வாகி இணைப்புப் பட்டியலைக் கண்டார். 139 இணைப்புகள் அறிவிப்புத் திரைக் கணினி ஒன்றிலிருந்தே வந்திருந்தன, அனைத்தும் வாளாவிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முந்தையதற்கும் இடையில் சரியாக 60 வினாடி வேறுபாடு இருந்தது.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். 151இல் 12 போக எஞ்சியவை 139. அறிவிப்புத் திரை காலை 9.30க்கு இயக்கப்படுகின்றது. நிமிடத்திற்கு ஓர் இணைப்பு வீதம் மூடாமல் திறந்தால், 140ஆம் முயற்சி 139 நிமிடங்கள் கழித்து, 11.49க்கு நிகழும், அதற்கு இடமிராது. திரையில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' 11.48 என்று நின்றிருந்ததும் இதனை உறுதிப்படுத்தியது. 11.55க்குச் சேவையகத்தை மறு இயக்கம் செய்தால், அடுத்த தடை 2.14க்கு வரும். 2.20க்கு மீண்டும் மறு இயக்கம் செய்தால், 4.39க்கு வரும். நாளொன்றுக்கு மூன்று முறை, தொடர்பற்ற வேளைகளில் வந்ததாகத் தோன்றிய பிழை உண்மையில் கடிகாரத்தைப்போல் ஒழுங்குடையது. ஒரு நாள் அறிவிப்புத் திரை 10.15க்கு இயக்கப்பட்டது, அன்று பிழை 12.34க்கு வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தனர்; அவ்வாறே வந்தது. வருவதை முன்னுரைக்க இயன்றால்தான் காரணத்தைக் கண்டோம் என்று கொள்ளலாம்.

அடுத்த மேசையில் இருப்பவருக்குத் தடை வராததன் காரணமும் இப்போது விளங்கும். முன்னரே இருக்கையில் அமர்ந்தவர் தொடர்ந்து வேலை செய்யலாம். தேநீருக்குச் செல்லுமுன் மென்பொருளை மூடியவரின் இருக்கையை ஒரு நிமிடத்திற்குள் அறிவிப்புத் திரை எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்தவருக்கு இடமிராது. ஆகவே மென்பொருளை ஒழுங்காக மூடித் திறந்த பணியாளரே பிழையை மிகுதியாகக் கண்டார். கவனக்குறைவு என்னும் பழியும் அவர்மீதே விழுந்தது. குறிப்பேடு அப்பழியை நீக்கியது.

எல்லையை உயர்த்தினால் என்ன?

151 என்பதை 500 ஆக உயர்த்தலாமே என்று வாசகர் வினவக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். காலை 9.30 முதல் மாலை 5.30 வரை 8 மணி நேரத்தில் அறிவிப்புத் திரை திறக்கும் இணைப்புகள் 480. பதிவுக் கணினிகள் 12. மொத்தம் 492, எல்லைக்குள் அடங்கிவிடும். 8 மணி நேரம் வாளாவிருந்த பழைய இணைப்புகளைத் தரவுத்தளமே அறுத்துவிடுவதால், அதற்கு மேலும் எண்ணிக்கை ஏறாது. பிழை முற்றிலும் மறைந்துவிடும்.

எனினும் நோய் தீரவில்லை. ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றது. 480 வீண் இணைப்புகள் சேரும்போது, நினைவகம் குறைந்த சேவையகத்தில் இயங்குதளம் தரவுத்தளத்தையே நிறுத்திவிடக்கூடும். அப்போது ஒருவர் இருவருக்கன்று, அனைவருக்கும் வேலை தடைப்படும். காரணத்தைக் காண்பதும் கடினமாகும். அறிவிப்புத் திரையின் மென்பொருளில், ஒவ்வொரு புதுப்பித்தலின் முடிவிலும் இணைப்பை மூடுமாறு செய்தல், அல்லது ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துமாறு செய்தல் உண்மையான தீர்வு. பணியாளர் மிகுந்து, உண்மையிலேயே இருக்கைகள் போதாவிடின், நினைவகத்தை அளந்த பின்னர் எல்லையை உயர்த்துவதில் தவறில்லை.

பதிவு சேர்ந்ததா, இல்லையா?

இணைப்பு அறுந்த வேளையில் பதிவின் கதி யாது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இருக்கை கிடைக்காத 1040ஆம் பிழையிலும், மறுப்பு வந்த 2003ஆம் பிழையிலும் பதிவு சேவையகத்திற்குச் செல்லவே இல்லை, மீண்டும் பதியலாம். 2013ஆம் பிழையில் நிலைமை வேறு. கேள்வி செல்லும் வழியில் இணைப்பு அறுந்திருந்தால் பதிவு சேர்ந்திராது. பதிவு சேர்ந்து, 'சேர்ந்தது' என்னும் விடை திரும்பும் வழியில் அறுந்திருந்தால், அது பதிவேட்டில் இருக்கும். பணியாளரின் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதற்குரிய காப்பு எளிது. ஒவ்வொரு மாதிரிக்கும் களத்திலேயே தனி எண் ஒன்றைக் கொடுத்து, அவ்வெண் தரவுத்தளத்தில் இரு முறை வரலாகாது என்று விதித்துவிட வேண்டும். அதன் பின்னர், ஐயம் எழும்போது பணியாளர் அச்சமின்றி மீண்டும் பதியலாம். முன்னர்ச் சேராவிடின் இப்போது சேரும். முன்னரே சேர்ந்திருப்பின் தரவுத்தளம் மறுத்துவிடும். தேர்வு எண், இருப்புச் சீட்டு எண் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். இணைப்பு என்றும் அறாது என்று உறுதி கூற எவராலும் இயலாது. அறுந்தாலும் கணக்குப் பிழையாதபடி அமைத்தல் நம்மால் இயலும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு நேரிற் காட்டலாம். மெய்யான தரவுகள் இல்லாத, சோதனைக்கென வைத்த கணினி ஒன்றில் தரவுத்தளத்தை நிறுவி, இணைப்பு எல்லையை 10 ஆகக் குறைக்க. நிர்வாகியல்லாத சாதாரணக் கணக்கில் மாணவர் பத்துப் பேரை இணையச் செய்க. பதினோராமவர் 1040ஆம் பிழையைக் காண்பார். ஒருவர் வெளியேறியதும் அவருக்கு இடம் கிடைக்கும். அடுத்து அனைவரையும் வெளியேறச் செய்து, தரவுத்தள மென்பொருளை நிறுத்தி மறுப்புச் செய்தியைக் காட்டுக. பின்னர் அதனை இயக்கி, சேவையகத்தின் கம்பிவடத்தைக் கழற்றி, மறுப்புக்கும் இதற்கும் உள்ள கால வேறுபாட்டைக் கடிகாரத்தால் அளக்கச் செய்க.

தொகுப்புரை

விட்டுவிட்டு வரும் பிழை விதியற்றதன்று. அதன் விதி நேரக் குறிப்பில் அடங்கியுள்ளது. செய்தியின் சொற்களும் எண்ணும் தடை நேர்ந்த படியைக் காட்டும். மறு இயக்கத்திற்கு முன் இணைப்புப் பட்டியலையும் நினைவகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். கண்ட காரணத்தைக்கொண்டு அடுத்த பிழையின் நேரத்தை முன்னுரைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் இருத்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. மறுப்புச் செய்திக்கும் விடையின்மைச் செய்திக்கும் உள்ள வேறுபாடு யாது? ஒவ்வொன்றும் எந்த உறுப்பை ஐயுறச் செய்கின்றது?

2. போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றில் எல்லை 100. அவற்றுள் 3 நிர்வாகிக்கு உரியவை. 7 கணினிகள் ஓர் இணைப்பு வீதம் நிலையாக வைத்துள்ளன. ஒரு மென்பொருள் காலை 10 மணி முதல் 30 வினாடிக்கு ஓர் இணைப்பைத் திறந்து மூடாமல் விடுகின்றது. முதல் தடை எப்போது நேரும்?

3. சேவையகத்திற்கு யூ.பி.எஸ். இருந்தும், மின்தடையின்போது அனைவருக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு அறுகின்றது. முதலில் எதனைச் சோதிப்பீர்கள்?

இரண்டாம் வினாவிற்கு விடை: எஞ்சிய இருக்கைகள் 90, 91ஆம் முயற்சி 45 நிமிடங்கள் கழித்து, 10.45க்குத் தடைப்படும்.